ஜிம்மிக்கு எத்தனை மார்க்?

"சார், நீங்க பி.காம்.தானே? ஒரு கணக்கு பார்த்துச் சொல்லணும்."

மேல் வீட்டு நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். வருமான வரிப் படிவமாக இருக்கும் என்று கண்ணாடியைத் தேடினேன். (பி.காம். படித்தவனை இந்த ஊரில் வேறு எதற்கும் யாரும் தேடுவதில்லை.) அவர் நீட்டியது வேறு மாதிரியான தாள். ஏழு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்துக்கு இத்தனை என்று மார்க். மேலே பெயர்: ஜிம்மி. வயது: எட்டு.

ஜிம்மியை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைப் பொமரேனியன். பேப்பர்காரரையும் கூரியர் பையனையும் பாரபட்சமில்லாமல் வெறுக்கும். இரண்டு மாதம் முன்பு எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கிங்கில் ரிவர்ஸில் வந்த வண்டி அதன் முதுகில் இடித்துவிட்டது. உயிர் தப்பியது. பின்னங்கால்கள் இரண்டும் போய்விட்டன. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எதுவும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை. டாக்டர் இந்தத் தாளைக் கொடுத்து, "வீட்டுல உட்கார்ந்து நிதானமா ஃபில் பண்ணுங்க. அப்புறம் பேசலாம்" என்று அனுப்பியிருக்கிறார். அப்புறம் என்ன பேசுவார்கள் என்பது நண்பருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் ஊரில் அதற்கு ஒரே வாக்கியம்தான்: "ஊசி போட்டுடலாம்."

நண்பர் போட்டிருந்த மொத்தம் 33. பாஸ் ஆக 35-க்கு மேல் வேண்டும்.

"மூணு மார்க் சார்..." என்றார். பேப்பரைத் திரும்பத் திருத்தச் சொல்லிக் கேட்கும் பையனின் குரல்.

அன்றிலிருந்து இந்தத் தாள் என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் படித்தேன். இதை உருவாக்கியவர் ஆலிஸ் வில்லலோபோஸ். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், விலங்குகளுக்கு வரும் புற்றுநோயைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர். 2004-ல் இதை வெளியிட்டார். 2007-ல் வந்த அவருடைய மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. இங்கிலீஷில் ஐந்து 'எச்', இரண்டு 'எம்'. வலி, பசி, உடம்பில் நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கடைசியாகக் கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து. மொத்தம் 70. 35-ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் பரவாயில்லை, பராமரிப்பைத் தொடரலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது வருவதற்கு முன் என்ன இருந்தது? டாக்டர் உதட்டைப் பிதுக்குவார், வீட்டுக்காரர் அழுவார், ஐந்து நிமிடத்தில் முடிவாகும். அல்லது முடிவே ஆகாமல் அந்த ஜீவன் மாதக் கணக்கில் மூலையில் கிடக்கும். அழுதுகொண்டிருக்கிறவனுக்கு யோசிக்க வராது. அவன் கையில் பேனாவைக் கொடுத்து, 'நேற்று சாப்பிட்டதா? தண்ணீர் குடித்ததா? நீ உள்ளே வந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்ததா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பது பெரிய உபகாரம். நாயும் பூனையும் வலியை ஒளித்துவைப்பதில் கில்லாடிகள். கத்தவில்லை என்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. படுத்த இடத்தில் மூச்சு வேகமாக வாங்குவது, ராத்திரி தூங்காமல் இடம் மாறி மாறிப் படுப்பது, தொட்டால் உதட்டை நக்கிக்கொள்வது எல்லாமே வலியாக இருக்கலாம். இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வைத்ததற்காக அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு.

சண்டை அந்த 35-ல்தான்.

தமிழ்நாட்டில் பத்தாவது எழுதிய எவருக்கும் 35 என்ற எண்ணைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்யும். ஆனால் நம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்க வேண்டும். கணக்கில் 100 வாங்கிவிட்டு இங்கிலீஷில் 34 என்றால், கணக்கு வாத்தியார் வந்து அழுதாலும் ஃபெயில்தான். இந்தத் தாளில் அப்படி இல்லை. எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். வலிக்கு 0 போடுங்கள். அதாவது மருந்துக்கும் அடங்காத வலி, மூச்சுத் திணறல். மீதி ஆறு வரிக்கும் ஆறு ஆறு போடுங்கள். கூட்டினால் 36. பாஸ்! துடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிராணி சாப்பாட்டிலும் சுத்தத்திலும் எடுத்த மார்க்கில் தேறிவிடுகிறது.

கணக்குப் பதிவியல் வகுப்பில் எங்களுக்கு ஈடுசெய் பிழை என்று ஒன்று நடத்தினார்கள். ஒரு பக்கம் ஆயிரம் ரூபாய் தப்பு, மறுபக்கம் ஆயிரம் ரூபாய் தப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருப்பாய்வு அழகாக டாலி ஆகிவிடும். டாலி ஆகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறவன்தான் ஆடிட்டில் மாட்டுவான். வில்லலோபோஸ் அப்படிப்பட்டவர் அல்ல. வலியும் மூச்சும்தான் முதல் கவலை என்று அந்த வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் தாளைக் கையில் வாங்குகிறவன் எதைப் படிக்கிறான்? அடியில் இருக்கும் கூட்டுத்தொகையைத்தான்.

இது ஒரு குறை. இரண்டாவது குறையில் அவர்மேல் தப்பே இல்லை, அதைக் கையாளுகிற நம்மிடம்தான் இருக்கிறது. இந்தத் தாள் சாகப்போகிற பிராணிகளுக்காகச் செய்யப்பட்டது. புற்றுநோய் முற்றியது, வீட்டில் வைத்துக் கடைசிக் காலத்தைக் கௌரவமாகக் கழிக்க வைக்கலாமா, எதுவரை கழிக்க வைக்கலாம் என்ற கேள்விக்கான தாள் அது. ஜிம்மி சாகப்போவதில்லை. ஜிம்மிக்குக் கால் வராது, அவ்வளவுதான். சாவுக்கு முன்னால் வைக்கும் அளவுகோலை ஊனத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டோம். நடமாட்டம் என்ற வரியில் மட்டும் அது எப்போதும் ஒன்றோ இரண்டோதான் வாங்கும், ஆயுசுக்கும். அதற்காக அது நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமா? நடக்க முடியாவிட்டாலும் சுறுசுறுப்பாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் பிராணி, வீட்டார் தயாராக இருந்தால் நன்றாக வாழலாம் என்று அந்த அம்மாளே நடமாட்டப் பகுதியில் சொல்லியிருக்கிறார்.

மூன்று காலில் ஓடும் நாயை நீங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். நாலாவது காலைப் பற்றி அது யோசிப்பதாகத் தெரிகிறதா? பார்வை போன நாய், சோபாவை இடம் மாற்றாமல் இருந்தால், ஒரு மாதத்தில் வீட்டை மனப்பாடம் செய்துவிடும். ஊனத்தைப் பார்த்து 'ஐயோ, இப்படி ஆயிடுச்சே' என்று உட்கார்ந்துவிடுவது நாம்தான்.

அதே சமயம், வண்டி கட்டிவிட்டால் ஓடிவிடும், எல்லாம் சுபம் என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. பின்பக்கம் செயலிழந்த நாய்க்கு என்ன வேலை இருக்கிறது என்று மேல் வீட்டில் போய்ப் பார்த்தேன். தானாக மூத்திரம் போக முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அடிவயிற்றைப் பிடித்து மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் உள்ளேயே தங்கி இன்ஃபெக்ஷன் ஆகும். அது சிறுநீரகம் வரைக்கும் போகலாம். ஒரே பக்கம் படுத்தால் படுக்கைப்புண். தரையில் இழுத்துக்கொண்டு போனால் உணர்ச்சியில்லாத காலில் தோல் உரிந்து ரத்தம் வரும், அதற்குத் தெரியவே தெரியாது. டாக்டர் கால்விரலை இடுக்கியால் கிள்ளிப் பார்த்தாராம். கால் வெடுக்கென்று உள்ளே போனதும் இவர்களுக்கு ஒரே சந்தோஷம். "அது ரிஃப்ளெக்ஸ். வலிச்சா தலையைத் திருப்பிப் பார்க்கும். இது பார்க்கலை" என்றாராம் டாக்டர். நண்பர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சினிமாக்காரர்கள் இந்த இடத்துக்கு மட்டும் வருவதில்லை. 2008-ல் வந்த 'மார்லி அண்ட் மீ' பார்த்துவிட்டு அழாதவர்கள் குறைவு. அங்கே நாய்க்கு வயதாகிவிட்டது, வயிறு முறுக்கிக்கொண்டது, முடிவைக் கதையே எடுத்துக் கொடுத்துவிட்டது. 2022-ல் வந்து தமிழிலும் ஓடிய கன்னடப் படம் '777 சார்லி'யில் நாய்க்குப் புற்றுநோய். நாயகன் அதற்குப் பனியைக் காட்ட இமயமலை வரை போகிறான். நானும் கர்ச்சீப் நனைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பயணம் போவது சுலபம். தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து, இன்னும் ஐந்தாறு வருஷத்துக்கு வயிற்றை அழுத்துவதற்குப் பின்னணி இசை கிடையாது.

அந்த வயிற்றை யார் அழுத்துகிறார்கள் என்பதில்தான் இந்தத் தாளின் மூன்றாவது குறை எனக்குப் பிடிபட்டது.

நண்பரின் அம்மாதான். எழுபதைத் தொடும் வயது. "ஏண்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று அவர் பையன்மேல் பாய்ந்ததால், இன்னொரு தாள் ஜெராக்ஸ் எடுத்து அவரிடமும் கொடுத்தோம். பையன் வலிக்கு 6 போட்டிருந்தார், அம்மா 10. (பத்து என்றால் வலியே இல்லை என்று அர்த்தம்.) பசிக்குப் பையன் 7, அம்மா 10. சுத்தத்துக்குப் பையன் 3, அம்மா 9. சந்தோஷத்துக்குப் பையன் 4, அம்மா 9. பையன் கணக்கில் 33 வாங்கிய ஜிம்மி அம்மா கணக்கில் 60. அதே நாய், அதே ஞாயிற்றுக்கிழமை.

சுத்தம் என்ற வரியைப் பாருங்கள். மூன்றா, ஒன்பதா? பையன் ஆபீஸிலிருந்து ராத்திரி எட்டரைக்கு வருகிறார். கதவைத் திறந்ததும் மூக்கில் அடிக்கிறது. மூன்று. அம்மா நாள் முழுக்கத் துடைக்கிறார், துணி மாற்றுகிறார், பவுடர் போடுகிறார். ஒன்பது. அந்த மார்க் ஜிம்மிக்குப் போட்டதே இல்லை. பையன் வாசனைக்குப் போட்டார். அம்மா தன் உழைப்புக்குப் போட்டுக்கொண்டார். சந்தோஷமும் அப்படித்தான். பகலெல்லாம் ஜிம்மி அம்மா மடியருகே கிடக்கிறது. பையன் வரும் நேரம் களைத்துத் தூங்குகிறது. அவர் பார்ப்பது சோர்ந்த நாயை.

அம்மாவின் மார்க்கைத்தான் நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலிக்குப் பத்துக்குப் பத்து போட்ட அதே அம்மா, என் கண்ணெதிரே ஜிம்மியைத் தூக்கினார். முதுகில், அடிபட்ட இடத்துக்கு முன்னால், கை பட்டதும் அது உடம்பை வெட்டி இழுத்துக்கொண்டது.

"வலிக்குது போல இருக்கேம்மா" என்றேன்.

"அது கூச்சம்ப்பா" என்றார்.

பாசத்துக்குக் கண் தெரியாது என்பார்கள். தெரிந்தாலும் வேறு பெயர் வைத்துக் கூப்பிடும்.

தமிழில் 'பாவம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தில் நம்மைப் படுத்துகிறது. "பாவம் சார் அது" என்றால் இரக்கம். "பாவம் சார், நம்ம கையால வேண்டாம்" என்றால் பயம். ஒரே சொல்லில் ஆரம்பித்து இரண்டு எதிர்த் திசையில் போகிறோம். முதல் பாவத்தைச் சொல்லி, நடக்க முடியாத ஆனால் நன்றாகவே இருக்கிற நாய்க்கு ஊசி போடுகிறோம். இரண்டாவது பாவத்தைச் சொல்லி, புண்ணில் புழு வைத்து அலறும் நாயைக் கொல்லைப்புறத்தில் போட்டுவைக்கிறோம், அல்லது ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது காப்பகத்தின் கேட்டில் கட்டிவிட்டு வருகிறோம். தன் கையில் ரத்தம் படவில்லை, அது போதும்.

இந்த இரண்டாவது பாவத்தோடு நேருக்கு நேர் மோதிய ஆள் ஒருவர் இருந்தார். யார் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். மகாத்மா காந்தி. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டு விழுந்துகிடந்தது. முடிந்த வைத்தியம் எல்லாம் செய்தார்கள். இனி வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. காந்தி அதைக் கொன்றுவிடுவதே கருணை என்று முடிவுக்கு வந்தார். ஆனால் தானே முடிவு செய்து காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கவில்லை. நிர்வாகக் குழுவில் வைத்தார், பிறகு ஆசிரமத்தார் அனைவர் முன்னும் வைத்தார். ஒருவர் கடுமையாக எதிர்த்தார். உயிரைப் படைக்க முடியாதவனுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்பது அவர் வாதம். கன்றை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பார்த்துக்கொண்டது என்பது ஈ ஓட்டியதும், ஏதாவது ஊட்ட முயன்றதும்தான். கடைசியில் டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார் காந்தி. அவரும் அங்கேயே நின்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அதைத் தன் பத்திரிகைகளில் அவரே எழுதினார். அகிம்சை பேசுகிறவர் பசுங்கன்றைக் கொன்றுவிட்டார் என்று வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை.

காந்தி அந்தக் கட்டுரையில் பிடித்துக்கொண்ட நூல் ஒன்றுதான்: இதில் கொல்கிறவனுக்குச் சுயநலம் இருக்கிறதா? இருந்தால் அது இம்சை. இல்லாவிட்டால், அறுவை சிகிச்சைக்காரர் கத்தியை எடுப்பது போல.

வில்லலோபோஸ் தாளில் இல்லாத வரி இது. ஆனால் காந்தியையும் நான் அப்படியே விழுங்கத் தயாராக இல்லை. ஆசிரமத்தில் அந்தக் கன்றைக் கவனிக்க எத்தனையோ கைகள் இருந்தன. மேல் வீட்டில் இருப்பவை ஒரு எழுபது வயது அம்மாவின் கைகள், மணிக்கட்டில் வாயு. அசோசியேஷன் மீட்டிங்கில் லிஃப்ட் நாறுகிறது என்று ஒருவர் எழுந்து பேசிவிட்டார். நண்பர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. டாக்டர், மருந்து, டயப்பர் என்று போகிற பணம் வேறு. சுயநலமே இல்லாமல் முடிவெடு என்று இவரிடம் எப்படிச் சொல்வது? களைப்பு சுயநலமா?

என் கட்சி இதுதான். களைப்பு தப்பே இல்லை. களைப்புக்குக் கருணை என்று பெயர் வைப்பதுதான் தப்பு. 'என்னால் முடியவில்லை' என்று எழுத இந்தத் தாளில் ஒரு எட்டாவது வரி இருந்திருந்தால், நண்பர் சுத்தத்துக்கு 3 போட்டிருக்க மாட்டார். தன் களைப்பை ஜிம்மியின் கணக்கில் பற்று வைத்திருக்க மாட்டார். 'என்னால் முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொன்னால் அதற்கு வேறு பதில்கள் கிடைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வேளை வந்து பிடிக்கலாம். ஆள் போடலாம். வளர்க்க முன்வருகிறவரைத் தேடலாம். 'அதுக்குக் கஷ்டம் சார்' என்று சொல்லிவிட்டால் ஊசி ஒன்றுதான் பதில். மருந்துக்கு அடங்காத வலி என்றால் நானே முதல் ஆளாக ஊசிக்குச் சம்மதிப்பேன், மொத்தம் 60 வந்தாலும். கால் இல்லை என்பதற்காக மாட்டேன், மொத்தம் 30 வந்தாலும்.

சட்டம் இதில் பெரிதாக உதவாது. 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் இருக்கும் பிராணியின் துன்பத்தை முடித்துவைக்க வழி செய்கிறது. கொடுமை எது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது. தெருநாய்களுக்காக 2001-ல் வந்து 2023 வரை நடைமுறையில் இருந்த விதிகளில் ஒரு வரி இருந்தது: கருணைக் கொலையை இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது. அதை எழுதிய அதிகாரி யாரோ, நாய் வளர்த்தவராக இருக்க வேண்டும்.

ஜிம்மியைச் சொல்லாமல் விட்டால் திட்டிக் கடிதம் போடுவீர்கள்.

கூச்சமா வலியா என்ற தகராறை டாக்டரிடமே கொண்டுபோனோம். அவர் ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்குப் பிறகு நடத்தை மாறினால் அதற்கு முன்னால் இருந்தது வலி என்று அர்த்தம். நாலாம் நாள் மாலை, கூரியர் பையனைப் பார்த்து ஜிம்மி குரைத்தது. விபத்துக்குப் பிறகு முதல் தடவை. அம்மா உள்ளே போய்விட்டார், வெகுநேரம் வெளியே வரவில்லை. இத்தனை நாள் வலித்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும்.

இப்போது பி.வி.சி. குழாயும் சின்ன சக்கரங்களும் வைத்து ஒரு பிளம்பர் செய்துகொடுத்த வண்டி இருக்கிறது. காரிடாரில் ஓட்டுகிறார்கள். திருப்பத்தில் கவிழ்கிறது. நடுவில் இரண்டாவது முறையாக மூத்திர இன்ஃபெக்ஷன் வந்து, சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை வருகிற வாரம்.

தாளைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் தனித்தனியாகப் போடுகிறார்கள். கூட்டுத்தொகையை மட்டும் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு பார்த்தேன். காலை ஆறு மணி டியூட்டி இப்போது பையனுடையது. சுத்தத்துக்கு 7 போட்டிருக்கிறார். அம்மா வலிக்கு 10-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 7 என்று எழுதியிருக்கிறார்.